மீன், தவளை, தேனீயையும் சேத்து கொல்லுற பூச்சி மருந்து சம்பந்தமா கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட கலெக்டர் அய்யா அவர்கள், திருவாரூர்.

அனுப்புநர்: விவசாயி, நீடாமங்கலம் வட்டம்.

அய்யா, வணக்கம்.

சம்பா தாளடில குருத்துப்பூச்சி, இலைசுருட்டு புழு தலை காட்டுனா போதும், எங்க பக்கம் மருந்து கடைல என்ன குடுக்குறாங்களோ அத வாங்கி அடிக்கிறதுதான் வழக்கமா இருக்கு, மறுநாளே மழை பேஞ்சா மடைய தொறந்து விட்டுடுறாங்க, அந்த தண்ணி வடிகால் வழியா அயிரை, கெளுத்தி, குறவை இருக்குற எடத்துக்குத்தான் போவுது.

அந்த மருந்து பூச்சிய மட்டும் கொல்லும்னு நெனச்சா அது தப்பு அய்யா. குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னா, நரம்புலேந்து தசைக்கு சேதி கொண்டு போற அசிட்டைல்கோலின்னு ஒண்ணு இருக்கு, வேலை முடிஞ்சதும் அத ஒரு என்சைம் ஒடைச்சிடும், மருந்து போயி அந்த என்சைம முடக்கிடுது, சேதி நிக்காம போயிகிட்டே இருந்து தசை துடிச்சு துடிச்சு கடைசில மூச்சே நின்னுடும். அதே என்சைம் புழுவுக்கும் இருக்கு, மீனு, கொக்கு, மருந்து அடிக்கிற ஆளு எல்லாருக்கும் இருக்கு. சைபர்மெத்ரின் நரம்பு செல்லுல சோடியம் போற வாசல மூட விடாது. மனுச ஒடம்பு அத சீக்கிரம் ஒடைச்சு வெளியேத்திடும், மீனால முடியாது, அதான் கொஞ்சூண்டு கலந்தாலும் செத்து மெதக்குது. நெல்லுத் தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிக்கு அடிக்கிற இமிடாகுளோப்ரிட் தேனீயோட நரம்புல ஒக்காந்துக்கும், சாகாத தேனீகூட கூட்டுக்கு வழி தெரியாம போயிடும். அடுத்து எள்ளு பூக்குறப்ப நமக்கு அந்த தேனீதான வேணும்?

டப்பால இருக்க முக்கோண கலர பாத்துதான் எங்க சனங்க விஷத்த எடை போடுறாங்க. அந்த கலரு எலி மாதிரி பாலூட்டிய வெச்சு போட்டது அய்யா, மீனுக்கும் தேனீக்கும் அது பேசாது. குளோரான்ட்ரானிலிப்ரோல் மருந்து விஷம் கம்மின்னு காட்டுற பச்சை முக்கோணம்தான், ஆனா மீன் குஞ்சு தின்னு வளர்ற நீர்த்தெள்ளுக்கு அது கடும் விஷம், தசை செல்லுக்குள்ள சேத்து வெச்ச கால்சியத்த கொட்ட வெச்சிடும். உள்ள இருக்க தாள்ல பொடி எழுத்துல எச்சரிக்கை இருக்கும், அத யாரு படிக்கிறா?

இன்னொண்ணும் சொல்லணும். சிலந்தி புகையான புடிச்சு தின்னுடும், அதனால வேளாண் பல்கலைக்கழக கணக்குலயே தூருக்கு ஒரு சிலந்தி இருந்தா தண்டுக்கு 2 புகையான் வரைக்கும் பொறுக்கலாம், சிலந்தி இல்லன்னா 1 வந்தாலே மருந்துன்னு இருக்கு. அப்ப அந்த சிலந்திய மருந்தே கொன்னுட்டா புகையான் பெருகாம என்ன பண்ணும், திரும்ப மருந்து, திரும்ப செலவு.

அதனால எந்த மருந்து மீன், தவளை, தேனீ, சிலந்திய கொல்லும்னு பெரிய எழுத்துல தமிழ் போர்டு ஒவ்வொரு மருந்து கடையிலயும் வேளாண் விரிவாக்க மையத்துலயும் வெக்க உத்தரவு போடணும், மருந்து அடிச்ச வயல் தண்ணிய வாய்க்காலுக்கு தொறக்க கூடாதுன்னு தண்டோரா போடணும், பூச்சியோட முட்டைய அழிக்கிற டிரைக்கோகிராமா குளவியோட முட்டை அட்டை நடவு முடிஞ்ச கையோட விரிவாக்க மையத்துல கெடைக்கணும், பூச்சி வந்தப்புறம் குடுத்து பிரயோஜனம் இல்ல. வடிகால் தண்ணிய சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணி முடிவ அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் சொல்லணும்னு பணிவோட கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டத்து விவசாயி