ஒக்கிக்கு அப்புறம் என்னைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை. தூத்துக்குடி இல்லை, தூத்தூர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், நீரோடி தாண்டினால் கேரளா. எங்கள் ஆட்களுக்கு ஆழ்கடல் தொழில், தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்க வாரக்கணக்கில் தங்கல் போவார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் அப்பாவும் அப்படித்தான் கடலில் இருந்தார். கரையில் எச்சரிக்கை சொன்ன நேரத்தில் அவர்கள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். போட்டும் வரவில்லை, அதில் போனவர்களும் வரவில்லை. நான் அப்போது பிளஸ் ஒன்.

அப்பாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது, அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதலில் எங்கள் கரை ஆட்களுக்கு. தேடல் போதவில்லை என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, சொந்த டீசலை ஊற்றித் தங்கள் போட்டுகளிலேயே தேடப் போனவர்கள் நீங்கள். லட்சத்தீவில் சிலர் ஒதுங்கியிருக்கிறார்கள், மகாராஷ்டிராவில் சிலர் கரையேறியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு செய்தி வரும்போதும் கோயில் முற்றத்துக்கு ஓடிவந்து பெயர்களைச் சத்தமாக வாசித்த அண்ணன்மாருக்கும் நன்றி. அப்பா பெயர் எதிலும் இல்லை. ஆனாலும் வாசித்து முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "அடுத்த லிஸ்ட் வரும் மக்ளே" என்று சொல்லாமல் நீங்கள் போனதில்லை.

டிசம்பர் 7, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் நாங்கள் எல்லோரும் மறியலாகத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த அன்று, பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து என் பாட்டிக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்த அம்மா, நீங்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் பாட்டி இன்னும் நன்றாக இருக்கிறார், அந்தத் துவையலைப் பற்றி இன்னும் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மாதங்களில் எங்கள் தெருவுக்கு நிறையப் பேர் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் அரிசி மூட்டையின் ஒரு நுனியை நீ பிடி, மறு நுனியை நான் பிடிக்கிறேன், கேமராவைப் பார் என்றவர்களும் உண்டு. பதினாறு வயதில் அந்தப் போட்டோக்களுக்கு நின்று நின்று எனக்கு மனிதர்களைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அடுத்து வருகிறவர்கள் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்கள் என்று புரியாது.

பள்ளிக்கூடம். எங்கள் பள்ளியில் கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம், மார்த்தாண்டம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்து உட்காருவோம். மீன் வாடை என்று மூக்கைப் பிடிப்பதும் நடக்கும். திரும்பிப் போகவே எனக்கு விருப்பமில்லை. போன அன்று பாட்டனி டீச்சர் எழுந்து நில் என்று சொல்லவில்லை, எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக இருங்கள் என்று சொல்லவில்லை. "உன் ரெக்கார்டு நோட்டு அவளிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்" என்றார், அவ்வளவுதான். வாங்கிப் பார்த்தால் நான் வராத நாட்களின் படங்கள் எல்லாம் வரைந்து முடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறு கையெழுத்து, ஒருத்தி பச்சை மசியில் எழுதியிருக்கிறாள், ஒருத்தி செம்பருத்திப் பூவுக்கு ஆறு இதழ் போட்டிருக்கிறாள். டீச்சர் ஆறாவது இதழைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்குக் கீழேயே கையெழுத்தும் போட்டிருந்தார். பல நாட்களுக்கு அப்புறம் நான் சிரித்தது அந்தப் பூவைப் பார்த்துத்தான். அந்த வருஷம்தான் பிளஸ் ஒன்னுக்கு முதல்முறையாகப் பொதுத்தேர்வு வைத்தார்கள், நீங்கள் இல்லாமல் நான் அதை எழுதியிருக்க மாட்டேன் பிள்ளைகளா.

அப்புறம் என் தோழி. பெயர் போட்டால் பேசமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறாள், அதனால் போடவில்லை. அவள் வீட்டில் ரப்பர். ஒக்கி எங்கள் கரையில் ஆட்களைக் கொண்டுபோனது போல உள்ளே ரப்பரையும் வாழையையும் சாய்த்துவிட்டுப் போயிருந்தது, அவள் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர் தோட்டத்தில் பாதி மரம் படுத்துக் கிடந்தது. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று அவள் கூட்டிப் போனாள், நான் ஒரு சனிக்கிழமை போனவள் பரீட்சை முடியும்வரை பாதி நாள் அங்கேதான். மாமி என்னிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாளியைக் கொடுத்து, "சிரட்டையில் ஒட்டுப்பால் காய்ந்திருக்கும், உரித்துப் போட்டுக்கொண்டு வா" என்றார். மிச்சம் நின்ற மரங்களில் மாமா விடியுமுன்பே பால் வெட்டிவிட்டு வருவார், நாங்கள் ஆசிட் ஊற்றி உறைந்த பாலை மிஷினில் கொடுத்து ஷீட் அடிப்போம். நான் சுற்றினால் ஷீட் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வரும், மாமி விருந்தாளி என்று பார்க்காமல் திட்டுவார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று மாமிக்கு இப்போதுதான் தெரியப்போகிறது. ஷீட் நாற்றம் தாங்காமல் ஒருநாள், "இதற்கு எங்கள் மீன் எவ்வளவோ தேவலை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வீடே சிரித்தது. அதற்கப்புறம் வகுப்பில் யாராவது மூக்கைப் பிடித்தால் என் தோழி தன் பாவாடையை முகர்ந்து காட்டிச் சண்டைக்குப் போவாள்.

மாமாவிடம் புது மரம் நடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும் என்றார். எங்கள் வீட்டிலும் அப்போது ஏழு வருஷப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் காணாமல் போனவரை இறந்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆகும். ஒக்கியில் போனவர்களுக்கு அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் நிவாரணம் கொடுத்தது, ஆனால் அதற்கான தாளில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அப்பா இல்லை என்று அம்மாவே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அம்மா பேனாவைத் தொடவில்லை. கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர் அந்தத் தாளோடு திரும்பத் திரும்ப வந்தார், ஒரு கட்டன் சாயா குடிப்பார், தம்பியின் ஃபுட்பால் பற்றிப் பேசுவார், தாளை எடுக்காமலே எழுந்து போவார். ஒருநாள் அம்மாவே கேட்டு வாங்கிப் போட்டார். அண்ணா, உங்களுக்குத்தான் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தம்பியைக் கிளப்பில் சேர்த்து, பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, ராத்திரி வீட்டில் கொண்டுவந்து விட்ட கிளப் பையன்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் சும்மா இல்லை, உங்களுக்கே தெரியும்.

இப்போது நான் படித்து முடித்து வேலைக்குப் போகிறேன், தம்பி காலேஜில் இருக்கிறான். கடற்கரைப் பிள்ளை ஒருத்தி மாமி வீட்டு அடுக்களையில் உரிமையாய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதில் இப்போது யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம், அது மாமாவுக்கு. அடுத்த மாதம் உங்கள் மகள் கல்யாணம். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் எங்கள் வீட்டுப் பொறுப்பு. சித்தப்பாவிடம் நெய்மீனுக்குச் சொல்லியாகிவிட்டது, அம்மாவும் வந்து நின்று வெட்டிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். தயவு செய்து மார்க்கெட்டில் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளை