நிவாரணப் பட்டியலை முதலில் ஊரில் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழையில் மூழ்கிய நெல்லுக்கு நிவாரணம் என்றாலே ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்ற பேச்சுதான் அடிபடுகிறது. பேரிடர் நிவாரண நிதி விதிப்படியான இந்தத் தொகை, ஏக்கருக்கு ஏறக்குறைய 6,880 ரூபாய். இது பாசன நிலத்துக்கு. மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்கு 8,500, ஏக்கருக்கு 3,440. அதுவும் சேதம் 33 சதவீதத்தைத் தொட வேண்டும், 2 ஹெக்டேர் வரைதான் கிடைக்கும். உழவுக்கும் நடவுக்கும் காணுமா என்பது வேறு வழக்கு. மதுரை மாவட்டத்தில் அந்தத் தொகையும் கைக்கு வராமல் போவது கணக்கெடுப்பில்.

கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) வேளாண் துறை அலுவலரும் சேர்ந்து எழுதும் பட்டியலுக்கு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் அடங்கல்தான் ஆதாரம். அதில் சாகுபடி ஏறாத சர்வே எண்ணுக்கு நிவாரணம் கேட்டு வாதாட முடியாது. ஆகவே நட்டவுடனேயே, உட்பிரிவு எண்ணோடு பயிர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மழைக்குப் பிறகு ஓடினால் பலனில்லை. மேலூர் பக்கத்து ஒருபோக நஞ்சையில் வாய்மொழிக் குத்தகை வழக்கம். குத்தகை உரிமையைப் பதிய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நிலக்காரர் சம்மதிப்பதுதான் இல்லை. விளைவு, நட்டவர் ஒருவர், பணம் பெறுபவர் இன்னொருவர். இறந்த தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவுக்கும், பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டாவுக்கும் இதே கதிதான்.

அடுத்தது சேத சதவீதம். பூக்கும் பருவத்தில் விடாமல் மழை பெய்தால் மகரந்தம் வீணாகிக் கதிர் பதராகிவிடும். தண்ணீர் வடிந்த பின் வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் பச்சையாகத்தான் தெரியும். 20 சதவீதம் என்று எழுதிவிட்டுப் போவார். அறுக்கும்போதுதான் உண்மை தெரியும், அதற்குள் பட்டியல் சென்னை போயிருக்கும். கதிரைக் கையில் உருவி நெல்லையும் பதரையும் எண்ணிப் பார்க்காத கணக்கெடுப்பு வெறும் கண்மதிப்புதான்.

வங்கியிலும் ஒரு சிக்கல். பாண்டியன் கிராம வங்கி 2019இல் பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. பழைய பாஸ்புக் நகலில் இருக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். புது நகல் கொடுப்பதோடு, கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிர்க் காப்பீடு கட்டியவர்கள் இந்த நிவாரணத்தைக் காப்பீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது வேறு கணக்கு, வேறு அளவீடு.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இதுதான். பணம் அனுப்புமுன் சர்வே எண், பரப்பு, சேத சதவீதம், பயனாளி பெயர் நான்கையும் எழுதி வி.ஏ.ஓ. அலுவலகச் சுவரில் ஒரு வாரம் ஒட்டுங்கள். ஆட்சேபம் வந்த வயலையும், பூத்து நின்ற வயலையும் கதிர் முற்றும் சமயத்தில் மறுபடி பாருங்கள். வடிந்த வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால் அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வரை விதியில் இருக்கிறது. அதற்கும் பட்டியலில் ஒரு கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
நஞ்சை விவசாயிகள் சிலர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்