ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச் சங்கம், திரைப்படப் பிரிவு

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நம் வடவள்ளி வீதிகளிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கண்ணுகளே, எல்லோருக்கும் வணக்கம். திரைப்படப் பிரிவின் இந்த ஆண்டு அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஐந்து கூட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலி வாடகை, மின்விசிறி ரிப்பேர், டீ. முதல் கூட்டத்தில்தான் தகராறு. இந்த வருஷம் ஈரானியப் படங்கள் போடலாம் என்பது என் யோசனை. "சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிட்டு வர்றோமுங்க, சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் போடுங்க" என்றார் மூன்றாவது வீதி அக்கா. நாய், பூனை, ஆனை வருகிற படங்களாகவே போடலாம் என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். கை தூக்கச் சொன்னதில் என் பக்கம் என்னையும் சேர்த்து இரண்டு பேர். எனக்காகக் கை தூக்கிய அந்த ஒருவர் அதன்பிறகு கூட்டத்துக்கே வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வளர்ப்புப் பிராணிப் படம் என்று முடிவான பிறகு, மருதமலைக்குப் போகிற ரோட்டில் குடியிருந்துகொண்டு படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை விட்டுவிட்டு ஆரம்பிக்க முடியுமா? கோயம்புத்தூர்க்காரர், மருதமலை முருகனின் பரம பக்தர். 1956இல் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தில் எம்.ஜி.ஆரைக் காளையோடு மோதவிட்டுத் தொழிலைத் தொடங்கியவர். 1967இல் யானையை வைத்து 'தெய்வச் செயல்' எடுத்தார், ஓடவில்லை. வேறு யாராக இருந்தாலும் யானையைப் பார்த்தாலே கும்பிட்டு ஒதுங்கியிருப்பார்கள். இவர் அதே கதையை இந்திக்குக் கொண்டுபோய், ராஜேஷ் கன்னாவை வைத்து 1971இல் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்து அமோகமாக ஓட்டினார். அடுத்த வருஷமே அது எம்.ஜி.ஆர் நடிப்பில் 'நல்ல நேரம்' ஆகித் தமிழுக்கே திரும்பி வந்தது. இரண்டையும் இயக்கியது அவருடைய தம்பி எம்.ஏ. திருமுகம்.

'நல்ல நேரம்' போட்ட அன்று மண்டபம் நிறைந்து வாசற்படி வரை ஆட்கள். நின்றுபோன காரை யானை தள்ளிக்கொண்டு போகிற பாட்டுக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். 'குடும்பத்தோடு சிரித்து மகிழ' என்று நோட்டீஸ் அடித்துவிட்டு, கடைசியில் ராமு யானை செத்துப்போகும் என்பதை மறந்தே போனேன். முதல் வரிசையில் ஒரு ஆறு வயசுப் பெண் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அங்கிள், அது எந்திரிச்சுக்குமல்ல?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? டீக்கு வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். அன்றைக்கு பிஸ்கட் செலவு வழக்கத்தைவிட அதிகமானதற்குக் காரணம் அதுதான், பொருளாளர் மன்னிக்கவும்.

ராம நாராயணனின் 'துர்கா' (1990) அடுத்து. குட்டி ஷாமிலி, ஒரு நாய், ஒரு குரங்கு. மிருகங்கள் மனுஷர்கள் செய்கிற வேலையெல்லாம் செய்யும். எனக்கு அதில் பெரிய ருசி இல்லை, பிள்ளைகளுக்கு இருந்தது. குரங்கைப் பழக்கி வித்தை காட்டுவதற்கு 1998இலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டதால் இன்று அப்படி ஒரு படம் எடுக்க முடியாது என்று சொன்னேன். 2001 விதிகளுக்குப் பிறகு, பழக்கிய நாயை நடிக்கவைப்பதென்றாலும் விலங்கு நல வாரியத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது 'பீத்தோவன்' (1992) படத்துக்குத்தான். செயின்ட் பெர்னார்ட் நாய் அதில் வித்தை ஒன்றும் காட்டுவதில்லை. சேற்றோடு படுக்கையறைக்குள் வந்து உடம்பை ஒரு உதறு உதறுகிறது, அவ்வளவுதான். மெத்தை, சுவர், வீட்டுக்காரர் முகம் எல்லாம் சேறு. வீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற அந்த மனுஷர் திண்டாடுவதைப் பார்த்தால் நம் வீதியிலேயே நாலைந்து பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்களும் அன்று வந்திருந்து சிரித்தார்கள். ஒரே தொல்லை, படத்தில் நாய் குரைக்க, வெளியே நம் தெருநாய்கள் பதில் கொடுக்க, அரை மணி நேரம் ஏரியாவே அமர்க்களப்பட்டது. பின்வீதியிலிருந்து எழுத்துப்பூர்வமாகப் புகார் வந்தது. அதன்பிறகு ஸ்பீக்கரை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டோம்.

'பேப்' (1995) போட்டபோது, அந்த ஒரு பன்றிக்குட்டி வேஷத்துக்கு 48 குட்டிகள் தேவைப்பட்டன என்று சொன்னேன். குட்டி மளமளவென்று வளர்ந்துவிடும், படப்பிடிப்பு அதே வேகத்தில் நகராது. "அப்ப மத்த 47 குட்டியும் எங்கே?" என்று கேள்வி. அடுத்த முறை தகவல் சொல்வதாக இல்லை.

'ஓ மை டாக்' (2022) பற்றிக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. விஜயகுமார், அருண் விஜய், அர்ணவ் என்று தாத்தா, மகன், பேரன் மூன்று பேரும் சேர்ந்து நடித்த படம். கண் தெரியாத ஹஸ்கி குட்டி சிம்பா எல்லோரையும் மயக்கிவிட்டது. இரண்டே மாதத்தில் ஒரு வீட்டில் நிஜ ஹஸ்கி வந்து இறங்கியது. படத்தில் ஊட்டிக் குளிர். இங்கே சித்திரை வெயில். பாவம், அது நாள் முழுக்கக் குளியலறைத் தரையிலேயே படுத்துக் கிடந்தது. செல்போன் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் 'ஹட்ச் நாய்' என்று பக் நாய் வாங்கிய காலத்தைப் பார்த்தவர்கள் நாம். கடைசியில் குன்னூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் அதைக் கொண்டுபோனார். ஆகவே இனி நாய்ப் படம் போடுகிற அன்று, நம் வீதியிலேயே வீடு தேடும் குட்டிகளின் படங்களை வாசல் பலகையில் ஒட்டுவது என்று செயற்குழு தீர்மானித்தது. இதுவரை மூன்று குட்டிகளுக்கு வீடு கிடைத்திருக்கிறது. நான்காவது குட்டி செயலாளர் வீட்டில் இருக்கிறது. என்னைக் கேட்டு வரவில்லை.

அப்புறம் கணக்கு. வரவு, செலவு அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம், கையிருப்பு ரூ. 2,310. செலவுப் பட்டியலில் ரூ. 1,850 என்று ஒன்றைப் பார்த்துத் தணிக்கையாளர் கேள்வி எழுப்பியிருக்கிறார். அதற்கு விளக்கம்: பிப்ரவரியில் 'மான்ஸ்டர்' (2019) போட்டோம். எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்று இருக்கிற வள்ளலார் பக்தர் எஸ்.ஜே. சூர்யா வீட்டுக்குள் எலி புகுந்து அவரைப் படாதபாடு படுத்தும். திரையில் எலி குறுக்கே ஓடியபோது, பின்னால் அரிசி மூட்டைமேல் படுத்திருந்த மண்டபத்துப் பூனை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து திரையைப் பிடித்துத் தொங்கியது. திரை ஒரு முழம் கிழிந்தது. வருஷத்திலேயே அதிகமான கைதட்டல் அதற்குத்தான்.

புதுத் திரைக்கான அந்தத் தொகையை 'பழுதுபார்ப்பு' என்று எழுதுவதா, 'பொழுதுபோக்கு' என்று எழுதுவதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.