கார் கம்பெனிகளே, எஞ்சின் சூடு எத்தனை டிகிரின்னு எங்களுக்கும் காட்டுங்க

வண்டி டிசைன் பண்றவங்களுக்கும் சர்வீஸ் பிரிவை நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

டெம்பரேச்சர் முள்ளு ஏன் எப்பவும் நடுவுலயே நிக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் 80 டிகிரில இருந்தாலும் 105 கிட்ட போனாலும் நிறைய வண்டில அது அசையாது, முள்ளு கொஞ்சம் ஆடினா கஸ்டமர் பயப்படுறாங்கன்னு நீங்களே அப்படி புரோகிராம் பண்ணி வச்சிருக்கீங்க. சில மாடல்ல அந்த முள்ளும் இல்ல, குளிர்ந்திருந்தா ஒரு நீல லைட், கொதிச்சா ஒரு சிவப்பு லைட், நடுவுல என்ன நடக்குதுன்னு ஓட்டுறவனுக்குத் தெரியாது.

எங்க வண்டில கூலன்ட் போற ஹோஸ் லீக்காகி, மேடு ஏறிட்டு இருக்கும்போது முள்ளு நடுவுல இருந்து மெதுவா கீழ இறங்குச்சு. முள்ளு இறங்கினா சூடு குறையுதுன்னுதானே யாரா இருந்தாலும் நினைப்பாங்க? ஆனா கூலன்ட் வத்திப்போய் சென்சார் முனை வெறும் காத்துல நின்னதாலதான் அது இறங்கியிருக்கு, உள்ள எஞ்சினோட மேல்பாகமான அலுமினியம் ஹெட் வெந்துட்டு இருந்திருக்கு. ஹெட் வளைஞ்சு, அதுக்குக் கீழ கசியாம அடைக்கிற கேஸ்கட் போயி, ஆயில்ல தண்ணி கலந்து, கடைசில எஞ்சினையே பிரிக்க வேண்டியதாப் போச்சு. சர்வீஸ்ல கேட்ட முதல் கேள்வி, "மீட்டரைப் பாத்து ஓட்டலையா?" பாத்துக்கிட்டேதாங்க ஓட்டினோம். சூடானப்புறமும் ஓட்டினதால வாரண்டி வராதுன்னு சொல்லிட்டாங்க. உங்க மீட்டர் சூடுன்னு எங்க காட்டுச்சு?

நம்பரா காட்டியிருந்தா 92, 98, 105ன்னு ஏறுறது முன்னாடியே தெரிஞ்சிருக்கும், அப்புறம் மேட்டுல திடீர்னு 60க்கு விழுந்தா ஏதோ தப்புன்னு அப்பவே ஓரங்கட்டியிருப்போம். அந்த நம்பர் எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு போய்க்கிட்டேதான் இருக்கு. கோளாறு பாக்குறதுக்குன்னே இருக்கிற ஓபிடி போர்ட்ல ஸ்கேனர் சொருகினா உங்க மெக்கானிக்குக்கு தெரியுது. வண்டி வாங்கினவங்களுக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?

சர்வீஸ் பத்தியும் சொல்லியே ஆகணும். ஓவர்ஹீட்னு வண்டிய விட்டா சென்சார், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்னு ஒவ்வொன்னா மாத்திப் பாக்குறாங்க, எல்லாம் எங்க காசு. அளந்து பாருங்க சார். ஸ்கேனர் காட்டுற டிகிரியையும், தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டுறதையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே பொய் சொல்றது சென்சாரா, நிஜமாவே சூடாகுதான்னு பெரும்பாலும் பிடிபட்டுடும். ஓடி சூடான வண்டில ஸ்கேனர் -40 காட்டினா சென்சார் சர்க்யூட் எங்கயோ அறுந்திருக்கு, பிளக்கையும் வயரையும் பாருங்க. ஹெட்லைட் போட்டதும் முள்ளு குதிச்சா முதல்ல பாடியோட சேர்ற எர்த் வயரைப் பாருங்க. இது தெரியாதவங்க இல்ல உங்க ஆளுங்க, ஆனா அளக்க நேரம் குடுக்காம பார்ட்ஸ் மாத்தச் சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க.

மறுபடியும் தயவா கேக்குறேன், கூலன்ட் எத்தனை டிகிரின்னு டாஷ்போர்டுல நம்பரா காட்டுங்க. கூலன்ட் குறைஞ்சா எச்சரிக்கிற லெவல் சென்சாரை எல்லா மாடலுக்கும் குடுங்க. டிஜிட்டல் டிஸ்ப்ளே ஏற்கனவே இருக்கிற வண்டிகளுக்கு, சாஃப்ட்வேர்ல முடியும்னா அடுத்த சர்வீஸ்லயே இதைப் போட்டுக் குடுங்க.