லயத்து வீடு நிற்கிறதா என்று கேட்டாய்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் முறுக்கு டப்பாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. முறுக்கில் பாதி நொறுங்கிவிட்டது. நொறுங்கியதைப் பேரன் முடித்துவிட்டான், முழுசாக இருந்ததை நான் பூட்டி வைத்திருக்கிறேன். முட்டி வலி அப்படியேதான். மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மாத்திரையின் நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஜொகூர் பாருவில் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பாலத்தில் லாரி எண்ணிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். எழுதிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில், “நம்ம லயத்து வீடு இன்னும் நிற்கிறதா?” என்று கேட்டு முடித்துவிட்டாய். அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அந்த வீடுகளில், நீ கடைசியாக வந்தபோது நாலு லயம் மிச்சமிருந்ததே, அதுவும் போய்விட்டது. கித்தா என்கிற ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோதே பாதிப் பேர் கிளம்பினார்கள். செம்பனைக்கு விடியற்காலைப் பால்வெட்டும் கிடையாது, அத்தனை கையும் தேவையில்லை. அப்புறம் நிலம் கைமாறியது, மிச்சப் பேரும் கிளம்பினார்கள். இப்போது அங்கே போய் நின்றால் எது காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், எது கணக்கு எழுதும் கிராணியின் வீடு என்று எனக்கே பிடிபடவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. அதன் ஓரத்தில், சிமெண்டு காயும் முன்னே எவளோ ஒருத்தி ஓடிய சின்னக் கால் தடம் இருக்குமே, அது அப்படியே இருக்கிறது. அது உன் கால் என்று நான் சொல்வேன், என் கால் என்று நீ சொல்வாய். இந்தச் சண்டை நமக்குள் ஐம்பது வருஷமாக முடியவில்லை.

சரி, குழு என்ன செய்கிறது என்று கேட்டிருந்தாயே. போன கடிதத்தில் “ஊர் வரலாற்றைப் பாதுகாக்கும் குழு” என்று நான் பெருமையாக எழுதியதை வைத்து ஏதோ பெரிய ஆபீஸ் என்று நினைத்துவிட்டாய் போல. ஒன்பது பேர். ஓய்வுபெற்ற தபால்காரர், தையல்காரர், கோப்பிக் கடைச் சீனர், நில அளவைத் துறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் (எல்லாரையும்விட வேலை செய்பவர் அவர்தான்), இரண்டு இளம் ஆசிரியைகள், கோயில் ஆட்கள் இரண்டு பேர், அப்புறம் செயலாளர் என்ற பெயரில் நான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு கோயில் மண்டபத்தின் பின்பக்கம் கூடுவோம். சம்பளம் இல்லை, நிதி இல்லை. கையிருப்பு என்று சொன்னால் ஒரு பிஸ்கட் டின், ஒரு ஸ்கேனர், அந்த மலாய்க்காரர் வீட்டிலிருந்து கொண்டு வந்த வரைபடச் சுருள்கள். முதல் வருஷம் முழுக்கப் பேசினோம். பேசியே ஓய்ந்தபின்தான் வேலை ஆரம்பித்தது.

முதல் வேலை, பெரிய சடக்கு ரோட்டில் இருக்கும் கடைவீடுகளை வரிசையாகப் படம் எடுத்து எழுதி வைப்பது. அஞ்சடி நடைபாதை எந்தக் கடையில் அடைபட்டிருக்கிறது, எதில் மரச் சன்னல் இன்னும் இருக்கிறது, முகப்பில் கட்டிய வருஷம் தெரிகிறதா என்று. அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு கடைக்காரர் சுவர் ஈரம் ஏறுகிறதென்று சிமெண்டு பூசப் போகிறார் என்ற சேதி இப்படிச் சுற்றியதில்தான் காதில் விழுந்தது. பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் அந்த ஈரம் வெளியே காய்ந்து போய்விடும். சிமெண்டு பூசினால் வழி அடைபட்டு உள்ளேயே மேலேறும், உப்புப் பூக்கும், கடைசியில் செங்கல் மாவாக உதிரும். இதை நாங்கள் மூன்று முறை போய்ச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைசியில் அவர் மச்சினன் வீட்டில் அதே மாதிரி சிமெண்டு பூசி உரிந்து விழுந்த சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஈப்போவிலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூட்டி வந்தார். இதைக் குழுவின் சாதனை என்று பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். மச்சினனின் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை காகிதம் படிப்பது. ஊருக்கு வரைவுத் திட்டம் போடும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். எதிர்ப்பு இருந்தால் அந்தத் தவணைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நம் மலாய்க்காரர் போய் நின்று பார்த்தார். நம் கோயில் இருக்கும் இடத்தில் ஒரு ரோடு கோடு போட்டிருந்தது. கோயில் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை! எழுதிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் முதல் கடிதம் தொலைந்தது, இரண்டாவதற்கு “நில உரிமையாளரின் ஒப்புதலோடு வாருங்கள்” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோழி, எனக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை நாளாக நாங்கள் தலைகீழாக நின்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் வந்தது, 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓர் இடத்தை மரபுடைமை இடமாக ஆணையர் அறிவிக்கலாம். அதற்கு முன் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நிலம் மாநிலத்தின் கையில் இருப்பதால் மாநில அரசையும் பார்க்க வேண்டும். எல்லாம் முறைதான். ஆனால் அந்த முறை முழுக்க உரிமையாளர் என்ற ஒருவரைச் சுற்றித்தான் நடக்கிறது. நம் ஆட்கள் மூன்று தலைமுறை அந்த லயத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி, செத்தார்கள். ஒரு நாளும் உரிமையாளர் இல்லை. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. அறிவிப்பு அனுப்ப நம் பெயரில் ஒரு முகவரிகூடக் கிடையாது.

கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் நடந்தது நினைவிருக்கிறதா? 2013-இல் சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டியை, அந்தப் பழைய கோயில் இடிபாட்டை, வீடு கட்டுகிறவர்கள் இடித்துத் தள்ளினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட நாகரிகம் இருந்த பள்ளத்தாக்கு அது. கேட்டால், அந்த இடம் அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். அவ்வளவு பழைய கல்லுக்கே அந்தக் கதி என்றால், தகரக் கூரை போட்ட நம் மாரியம்மனுக்கு என்ன சொல்வது.

கேலி என்னவென்றால், மரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1976-ஆம் வருஷத்து நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் போன மரத்தை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. சில விலக்குகள் உண்டு. கோயில் அரச மரத்தை நம் மலாய்க்காரர் டேப் வைத்து அளந்தார். டேப்பே பத்தவில்லை. அந்த மரத்தைச் சொல்லி எழுதிய மனுவுக்குத்தான் முதல் முறையாக ஆள் வந்து பார்த்தார்கள். ரோடு கோடு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை. மரத்தடியில் அறுபது வருஷம் கூட்டிப் பெருக்கிய உன் பாட்டிக்கு எந்தச் சட்டத்திலும் சுற்றளவு சொல்லவில்லை. மரத்துக்குக் கிடைத்ததே போதும் என்று இப்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அதனால் குழுவில் இப்போது வேறு மாதிரி முடிவு செய்திருக்கிறோம். சொந்தக்காரர் இருக்கும் கட்டடத்துக்குச் சொந்தக்காரரோடு பேசுவோம். நம் ஆட்களுடையதோ சுவரில் இல்லை, அலமாரியிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கிறது. அதைத் தேடிப் போவோம். ரஜூலா கப்பலில் வந்த தகரப் பெட்டி இரண்டு வீட்டில் கிடைத்தது. ஒரு வீட்டில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கும் மரம் சீவும் வெட்டுளியும் சாமி அறையில் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தின் சில பக்கங்கள் இருந்தன. ஆலை மூடியபோது குப்பையில் போட்டதைக் கிராணியின் மகன் எடுத்து வைத்திருந்தார். பெயர், வந்த நாள், வராத நாள், பிடித்தம். உன் அம்மா பெயர் இருக்கிறதடி, எழுத்துப் பிழையோடு. ஒரு மாதத்தில் நாலு நாள் வரவில்லை. அந்த மாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், உன் தம்பி பிறந்த மாதம். நாலே நாள்!

யாரிடமும் பொருளை வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்று விதி போட்டிருக்கிறோம். வைக்க இடமில்லை என்பது ஒரு காரணம். எங்களில் யாராவது கண்ணை மூடினால் அது மறுபடி குப்பைக்குத்தான் போகும் என்பது இன்னொன்று. அந்த வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்து, யார் வீட்டுப் பொருள், யார் சொன்னது, எந்த வருஷம் என்று எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

நாங்கள் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சுடுகாட்டில் பழைய கல்லறைகள் இருக்கின்றனவே, கோத்தோங் ரோயோங் போட்டு ஒரு நாள் எல்லாரும் இறங்கிச் சுத்தம் செய்தோம். கம்பி பிரஷ், குளோரக்ஸ். கல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆயிற்று, படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம்தான் பார்த்தோம், மூன்று கல்லில் எழுத்தும் சேர்ந்து போயிருந்தது. மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும், எழுத்து தெரியவில்லையென்றால் சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டோம். அந்த மூன்று பெயர் யாருக்கும் நினைவில்லை. என் கைதான் அதில் ஒன்றைத் தேய்த்தது.

பெயர் என்றதும் இன்னொரு சண்டை. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஊரின் கதையைச் சொல்ல ஒரு பலகை வைக்கலாம் என்று பேச்சு. 1948 ஜூன் 16-ஐப் போட வேண்டும் என்றார் தபால்காரர். எல்பில் தோட்டப் பக்கம் மூன்று துரைமார் சுடப்பட்டதும், இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்ததும், அது 1960 வரை நீண்டதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அதனால்தான் என்பது அவர் வாதம். அந்த மூவருக்கும் பத்து காஜா கல்லறையில் இடம் இருக்கிறது. சரி, இருக்கட்டும், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயிலுக்கு இதே தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்கள்? 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். நம் பக்கத்து லயத்துப் பாட்டி தன் அண்ணன் திரும்பி வருவான் என்று கடைசிவரை கதவுக்குத் தாழ் போடாமல் படுத்தாரே, நினைவிருக்கிறதா? அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட நம் ஊரில் கிடையாது. தையல்காரர் இதைச் சொன்னபோது தபால்காரர் எழுந்து போய்விட்டார். கோபத்தில் அல்ல என்று அப்புறம் தெரிந்தது. அவர் அப்பாவின் தம்பியும் அதில் போனவராம். இத்தனை வருஷம் கூட உட்கார்ந்தும் சொன்னதில்லை.

இப்போது அவரே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு கிழவிகளிடம் போய் உட்கார்ந்து பெயர் எழுதுகிறார். தபால்காரர் அல்லவா, எந்த வீட்டுப் பாட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று அவருக்குத்தான் தெரியும்.

பலகையில் மந்திரியாக இருந்த துன் சம்பந்தனையும் போட வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மாறுபாடில்லை. நம் ஊரில் 1919-இல் பிறந்தவர், அதுவும் ஜூன் 16. அந்தத் தேதிக்கு என்னதான் வசியமோ! தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்பா அந்தப் பத்து வெள்ளிக்காக அம்மாவோடு சண்டை போட்டது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. உரிமையாளர் என்ற சொல்லை நம் வீட்டில் முதன்முதலாக யாரோ உச்சரித்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

இப்போது உனக்கு ஒரு வேலை. உன் அம்மாவின் டிரங்குப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அதற்குள் காகிதம் எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாதே. சிவப்பு ஐசி அடையாள அட்டை, ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பின்பக்கம் எழுதிய போட்டோ, எதுவானாலும். போட்டோவைப் பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காதே, ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே ஆல்பத்தோடு கொண்டு வா. தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா, அதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டம். ஸ்கேனரை நானே துடைத்து வைக்கிறேன்.

வரும்போது பழைய செருப்பு ஒன்று கொண்டு வா. ஆயாக் கொட்டகைத் தரைக்குப் போக வேண்டும், வழியெல்லாம் சேறு. மலாய்க்காரர் டேப் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கால் தடத்தை அளந்து வரைபடத்தில் குறிக்கப் போகிறாராம். யாருடைய கால் என்று எழுதுவது என்று கேட்டார். நீ வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
முதல் லயத்துக் கடைசி வீட்டுக்காரி

பின்குறிப்பு: அடுத்த முறை முறுக்கை மைலோ டின்னில் போட்டு அனுப்பு.