பொலிகுதிரைக்கு விளம்பரம் எழுதும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வரும் செப்டம்பர் முதல், அங்கே வசந்தம் தொடங்கும்போது, உன் கிளைட்ஸ்டேல் பொலிகுதிரையையும் (கனத்த உழவுக்குதிரை இனத்து ஆண்) வெல்ஷ் மட்டக்குதிரையையும் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் சுற்றுவட்டாரப் பெட்டைகளுக்குச் சேர்க்கைக்கு விடப்போவதாகச் சொல்லி, அதற்கான விளம்பர வரைவை அனுப்பி என் கருத்தைக் கேட்டிருந்தாய். படித்தேன். குதிரைகளின் அழகைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறாய்; ஆனால் பெட்டை வைத்திருப்பவர் எதற்காகப் பணம் தருகிறார், எப்போது தருகிறார், பெட்டை சினை பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. நியூசிலாந்து தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பது எனக்கு நல்லதாயிற்று. 1851-இல் தொடங்கிய ‘லிட்டில்டன் டைம்ஸ்’, 1861-இல் தொடங்கிய ‘தி பிரஸ்’ ஆகியவற்றின் வசந்தகால இதழ்களில், நீ இருக்கும் அதே கேன்டர்பரி சமவெளியில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பொலிகுதிரை வைத்திருந்தவர்கள் இதே வேலைக்கு எப்படி விளம்பரம் செய்தார்கள் என்று பார்த்தேன். உன் வரைவைத் திருத்துவதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

அந்தச் சமவெளியில் குடியேறியவர்கள் முதலில் நிலத்தைக் காளைமாடுகளைக் கொண்டே உழுதார்கள். 1870-களிலும் 80-களிலும் கோதுமை பெருகி, அகலக் கலப்பைகளும் அறுத்துக் கட்டும் இயந்திரங்களும் வந்தபோது, மாட்டின் நடை போதவில்லை. கனத்த எலும்பும் வேகமான நடையும் கொண்ட குதிரை வேண்டியிருந்தது. உன் பண்ணைக்குத் தெற்கே உள்ள லாங்பீச்சில், ஜான் கிரிக் என்பவர் சதுப்பு நிலத்தை அங்கேயே சுட்ட ஓட்டுக்குழாய்களைப் புதைத்து வடித்து விளைநிலமாக்கினார். அத்தனையும் குதிரை இழுத்த வேலைதான். 1814-இல் மார்ஸ்டன் பாதிரியார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஒருசில குதிரைகளில் தொடங்கிய கணக்கு, 1911-இல் நாடு முழுவதும் 4 லட்சத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. அத்தனை குதிரைகளையும் கப்பலில் கொண்டுவர முடியாது. ஸ்காட்லாந்திலிருந்து பெரும் விலை கொடுத்து ஒரு நல்ல பொலிகுதிரையை வரவழைத்து, அதை மாவட்டத்துச் சாதாரணப் பெட்டைகளோடு சேர்ப்பதுதான் வழியாக இருந்தது. ஐம்பது ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிக்கும் பெருமுதலாளியின் குதிரையின் இரத்தம் சில கினிகளில் (அன்றைய ஆங்கிலேயப் பணக்கணக்கு) கிடைத்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். ஆகவே அந்த விளம்பரங்களை வெறும் வியாபாரப் பேச்சு என்று நான் நினைக்கவில்லை.

பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, குதிரை உடையவரின் லாயத்திலேயே நிற்கும். பெட்டையை அங்கே கொண்டுவந்து விட வேண்டும். மற்றது, குதிரை ஊர் ஊராக நடக்கும். இந்த இரண்டாவது வகைதான் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. திங்கட்கிழமை இந்தப் பண்ணை, செவ்வாய்க்கிழமை அந்தச் சத்திரம், சந்தை நாளில் ஊர் நடுவே, சனிக்கிழமை மீண்டும் சொந்த லாயம் என்று வழித்தடத்தை நாள்வாரியாக அச்சிட்டிருப்பார்கள். ஒரே குதிரைக்காரர் அதைக் கையில் பிடித்துப் பருவம் முழுவதும் அதே வட்டத்தில் நடப்பார். உனக்குக் கல்லூரியில் சொன்னதை இங்கே வைத்துப் பார். பெட்டைக்குதிரை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை குதிரையை ஏற்கும். வாரம் ஒருமுறை தவறாமல் வாசலுக்கு வரும் பொலிகுதிரை, அந்த நாள்களைப் பெரும்பாலும் தவறவிடாது. இந்த வாரம் மறுத்த பெட்டை அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ ஏற்கும், சேர்ந்த பெட்டை மூன்றாம் வாரச் சோதனையில் குதிரையை உதைத்து விரட்டினால் சினை பிடித்திருக்கலாம் என்று கொள்ளலாம். ஸ்கேன் கருவி இல்லாத காலத்தில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை. குட்டி போட்ட பெட்டை ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் மீண்டும் பருவத்துக்கு வரும் என்பதையும் அவர்கள் அறிந்து பயன்படுத்தினார்கள். சினைக்காலம் சுமார் 340 நாள் என்பதால், அக்டோபரில் சேர்த்தால் அடுத்த வசந்தத்தில், புல் தழைத்திருக்கும்போது குட்டி விழும். ஜனவரி அறுவடைக்குள் தாய் வேலைக்குத் திரும்பிவிடும். ஆகஸ்ட் கடைசியில் அந்த விளம்பரங்கள் பத்தி பத்தியாக நிரம்பி, புத்தாண்டுக்குள் மறைந்துபோவதற்கு இதுவே காரணம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன், ஏனெனில் உன் வரைவு மௌனமாகக் கடந்துபோகும் இடம் அதுதான். அன்றைய கட்டணம் கினியில்தான் இருந்தது. ஒரு கினி 21 ஷில்லிங். அதோடு குதிரைக்காரருக்கென்று தனியாகச் சில ஷில்லிங் உண்டு. இந்தச் சிறுதொகையை முதல் சேர்க்கையின்போதே கையில் கொடுத்துவிட வேண்டும். பெருந்தொகை பருவம் முடிந்து, ஜனவரியை ஒட்டிக் குறிப்பிட்ட ஒரு தேதியில். பெட்டையை மேய்ச்சலுக்கு விட்டால் வாரத்துக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. பெட்டையை எல்லாக் கவனத்தோடும் பார்த்துக்கொள்வோம், ஆனால் ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு எங்களுடையதல்ல என்ற வாசகம் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. இதைப் படித்தால் உனக்குக் கடுமையாகத் தோன்றும். எனக்கு நேர்மையாகத்தான் தோன்றுகிறது. கம்பி வேலியில் கால் கிழிந்த பெட்டையின் சொந்தக்காரரிடம் பிறகு வாதிடுவதைவிட, அவர் அவிழ்த்துக் கொண்டுவருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது மேல்.

சில விளம்பரங்களில் சினைக்கு உறுதி தருகிறார்கள்: பெட்டை சினையாகாவிட்டால் பணம் இல்லை, அல்லது அடுத்த பருவத்தில் மறுபடி இலவசம். நீ எதற்கு உறுதி தரப்போகிறாய் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள். சேர்க்கை நடந்ததற்கா, 45-ஆம் நாள் ஸ்கேனில் சினை தெரிந்ததற்கா, உயிரோடு எழுந்து நின்று பால் குடித்த குட்டிக்கா? மூன்றும் மூன்று விலை. கடைசி உறுதியைத் தருவதானால், பெட்டையின் வயது, சென்ற ஆண்டு அது குட்டி போட்டதா, கருப்பை நலமாக இருக்கிறதா என்பவற்றை நீ கேட்டுப் பார்க்கும் உரிமையையும் எழுதி வைத்துக்கொள். தேர்ந்தெடுத்த சில பெட்டைகளுக்கு மட்டும் என்று அந்தக் காலத்து உயர்ரகப் பந்தயக் குதிரைக்காரர்கள் போட்டது வீண் பெருமையாக மட்டும் இருந்திருக்காது.

வம்சாவளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் சங்கம் 1877-இல் தோன்றி, மறு ஆண்டு முதல் வம்சப் பதிவேட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய விளம்பரங்களில் இன்ன குதிரைக்கு இறக்குமதியான இன்ன பெட்டையிடம் பிறந்தது என்று உடையவர் சொல்வதுதான் சான்று; அதற்குப் பிறகு பதிவெண் வந்தது. உன் குதிரைக்குப் பதிவெண் இருக்கிறது. ‘புகழ்பெற்ற வம்சத்தின் வாரிசு’ என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிட்டு எண்ணைப் போடு.

இதைவிட முக்கியமானது உடற்தகுதி. தன் வீட்டுக் குதிரையின் குறையைப் பக்கத்து வீட்டுப் பெட்டைகளின் வழியே மாவட்டம் முழுவதும் பரப்பும் வல்லமை பொலிகுதிரைக்கு உண்டு. ஒரு பருவத்தில் அது எண்பது, நூறு பெட்டைகளைக்கூடச் சேரும். கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1907-இல் அரசாங்கக் கால்நடை மருத்துவர்கள் பொலிகுதிரைகளைச் சோதித்துச் சான்றிதழ் தரத் தொடங்கினார்கள். குளம்பின் பக்கக் குருத்தெலும்பு இறுகிப்போவது, கணுவைச் சுற்றி எலும்பு வளர்வது, மூச்சில் இரைச்சல் போன்ற பரம்பரைக் குறைகள் இருந்தால் சான்று கிடையாது. பிரிட்டனில் 1918-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் இல்லாத பொலிகுதிரையைச் சேர்க்கைக்காக ஊர் சுற்றவிடுவதைத் தடுத்தது. உன்னை இன்று அப்படி யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீயாகச் செய். கிளைட்ஸ்டேலின் காலில் தொங்கும் அந்த நீள முடிக்கடியில் நாள்பட்ட நிணநீர் வீக்கம் மறைந்திருக்கும் என்பது உனக்குத் தெரியும். முடியை ஒதுக்கித் தோலைத் தடவிப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்து, அறிக்கையைக் கேட்பவருக்குக் காட்டத் தயாராக வை. இனப்பெருக்க உறுப்புத் தொற்றுக்கான மாதிரியையும் பருவம் தொடங்குமுன் எடுத்து அனுப்பு. 1977-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில், குதிரைகளைத் தொற்றும் கருப்பை அழற்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது அங்கே சேர்க்கைத் தொழில் எப்படிக் கலங்கிப்போனது என்பதை நாங்கள் மாணவராக இருந்தபோது பாடமாகவே படித்தோம்.

குணத்தைப் பற்றி நீ எழுதவே இல்லை. 1862-இல் நியூசிலாந்துக்கு வந்து கேன்டர்பரியில் நின்ற டிரடியூசர் என்ற பந்தயப் பொலிகுதிரை மூர்க்கத்துக்குப் பெயர்போனது; ஆனாலும் அதன் குட்டிகள் ஓடிய ஓட்டத்துக்காக மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். அதன் மகன் சர் மோட்ரெட் அமெரிக்காவுக்குப் போய் 1894-இல் அங்கே முதன்மைப் பொலிகுதிரையாகவும் ஆனது. பந்தயத்துக்கு அது சரி. குழந்தை ஏறப்போகும் மட்டக்குதிரைக்கு அந்த மன்னிப்பு கிடையாது.

ஆகவே உன் இரண்டு குதிரைகளில் நான் அதிகம் யோசித்தது சின்னவனைப் பற்றித்தான். பழைய இதழ்களில் மட்டக்குதிரைகளுக்கு நான்கே வரிதான் கிடைக்கும், அதுவும் பெரிய குதிரையின் விளம்பரத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு. ஆனால் இறைச்சிக் கடைக்காரரின் வண்டியையும் ரொட்டி வண்டியையும் இழுத்தது, பண்ணைப் பிள்ளைகளை முதுகில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது எல்லாம் அவைதான். கிராமப் பள்ளிகளில் குதிரை கட்ட ஒரு புல்வெளியே ஒதுக்கியிருந்தார்கள். டிராக்டர் வந்து கிளைட்ஸ்டேலின் வேலையைப் பறித்தது. மட்டக்குதிரையை அது ஒன்றும் செய்யவில்லை. இன்றும் உனக்கு வரப்போகும் பெட்டைகளில் பெரும்பகுதி போனி கிளப் என்னும் குதிரையேற்றச் சங்கத்துப் பிள்ளைகளுடையதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. எனவே அவனைப் பற்றி முதலில் எழுது: உயரம் எத்தனை கை (ஒரு கை நான்கு அங்குலம்), எந்த வயதில் அளந்தது, லாடம் அடிக்க நிற்பானா, வண்டியில் ஏறுவானா, அவனுடைய குட்டிகளில் எவற்றைப் பிள்ளைகள் இப்போது ஓட்டுகிறார்கள். 1901-இல் தோன்றிய வெல்ஷ் சங்கம் பதிவேடு தொடங்கும்வரை மட்டக்குதிரை என்பது கிட்டத்தட்ட உயரத்தைக் குறித்த சொல்லாகவே இருந்ததால், பெற்றோர் யார் என்று சொல்ல முடிவதே உனக்கு ஒரு பலம்.

நம் ஊரிலும் இந்தத் தொழிலின் தடம் இல்லாமல் இல்லை. நான் பயிற்சிக்கு இருந்த ஓசூர் கால்நடைப் பண்ணை, கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படைக்காகத் தொடங்கப்பட்டதுதான். பிற்காலத்தில் ஆஸ்திரேலிய வேலர் குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னையில் இறங்கின. ஆனால் அது பட்டாளத்துக்கு வாங்கிய குதிரை. பக்கத்து ஊர் விவசாயி தன் பெட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து பேரம் பேசும் உன் ஊர்த் தொழில் வேறு.

வரைவைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர், நிறம், வயது, உயரம், பதிவெண். பிறகு சோதனை அறிக்கைகள். பிறகு கட்டணமும் அதைக் கட்ட வேண்டிய தேதியும். சினை உறுதி 45-ஆம் நாள் ஸ்கேன்வரை என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் தர வேண்டுமென்று நினைத்தால் மாப்பிள்ளையோடு கலந்து பேசு. மேய்ச்சல் கட்டணத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அங்கே புல்லின் விலை எனக்குத் தெரியாது. பெட்டைகளை விடும் வயலில் முள்கம்பி இருந்தால் ஆகஸ்டுக்குள் அகற்றிவிட்டு, அதன் பிறகு விளம்பரத்தை அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
அம்மா