ஓவர்லாக் மிஷினும் ஒரு ரசீதுப் படமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தையல் தொழில் செய்தவள் நான். தோட்டத்து லயத்தில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மிஷின் மிதிக்கப் பழகினேன். கண் மங்கிப்போனதால் போன வருடம், துணி ஓரம் அடிக்கிற என் ஓவர்லாக் மிஷினை விற்றேன். மிஷின் போய்விட்டது, பணம் வரவில்லை. இப்போது தீபாவளி நெருங்குகிறது. லயத்தைக் காலி செய்துவிட்டு மலிவு வீட்டுக்குப் போகிறவர்களும் பழைய ஃபிரிட்ஜ், அலமாரி, மோட்டார் என்று விற்கிறார்கள். என் கதை அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மகள் முகநூலில் படம் போட்டு விலை 850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று எழுதினாள். ஒரு மணி நேரத்தில் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தார். நல்ல தமிழ், மரியாதையாக "அக்கா" என்றார். விலை குறைக்கச் சொல்லவில்லை, மிஷின் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பழைய சாமான் வாங்க வந்து பத்து வெள்ளியாவது குறைக்கச் சொல்லாத ஆளை நம் ஊரில் நான் கண்டதில்லை. அங்கேயே நிதானித்திருக்க வேண்டும்.

தான் ஈப்போவில் இருப்பதாகவும், லாரி அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிக் கணக்கு எண் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ரசீதுப் படம் வந்தது. பேங்க் சின்னம், என் முழுப் பெயர், என் கணக்கு எண், தேதி, 850.00 எல்லாம் சரியாக இருந்தன. கணக்கில் மட்டும் பணம் இல்லை. கேட்டதற்கு, "வேற பேங்க் அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, திங்கள்தான் ஏறும்" என்றார். வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றது. ஓட்டுநர் பாவம், கூலிக்கு வந்த பையன், அவருக்கு ஒன்றும் தெரியாது. இருட்டுகிறதே, காக்க வைக்கிறோமே என்று தூக்கிவிடச் சொன்னேன். திங்கட்கிழமை அந்தப் போன் எண்ணே இல்லை.

மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மற்ற எழுத்துகளைவிட 850 மட்டும் கொஞ்சம் தடித்து, வரியிலிருந்து ஒரு நூலிழை கீழே இறங்கியிருந்தது. யாருடைய பழைய ரசீதையோ எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள்.

அவர் சொன்ன சாக்கில் பாதி உண்மை இருந்ததால்தான் நான் நம்பினேன். டூயிட்நவ் என்கிற உடனடிப் பணம் அனுப்பும் முறை வழியாகப் போட்டால் வேறு பேங்க் என்றாலும், வெள்ளி சனி என்றாலும், பணம் பெரும்பாலும் உடனே வந்துவிடும். ஐபிஜி என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் அடுத்த வேலை நாள் வரை ஆகலாம். ஏமாற்றுகிறவர்கள் இதைச் சொல்லித்தான் நேரம் வாங்குகிறார்கள். வரப்போகிற ஒரு தேதியைக் குறித்துப் பணம் அனுப்ப ஏற்பாடு செய்து, அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அப்புறம் ரத்து செய்யவும் முடியும். செக்கும் அப்படித்தான். பேங்க் மிஷினில் போட்டதும் தொகை கணக்கில் தெரியலாம், ஆனால் செக் பாஸாகும்வரை அதை எடுக்க முடியாது, திரும்பியும் வரலாம். ஆகவே ரசீது நிஜமாகவே இருந்தாலும் அதைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீர்கள். உங்கள் பேங்க் செயலியை உங்கள் கையால் திறந்து, எடுக்கக்கூடிய இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையா, லாரி போகட்டும், திங்கட்கிழமை வரட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து வரிசையில் ஓர் ஐயா பழைய ஐஸ் பெட்டியை விற்கப் பார்த்தார். வாங்குகிறவர், "பணம் பெற இதை அழுத்துங்கள்" என்று ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தால் பேங்க் பக்கம் போலவே இருந்தது. ஐயா பயனர் பெயரைத் தட்டிவிட்டார், கடவுச்சொல்லுக்கு விரல் போகும்போது மருமகள் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டாள். அதனால் ஓய்வுக்காலப் பணம் தப்பியது. நமக்கு யாராவது பணம் போட வேண்டுமானால் கணக்கு எண்ணோ, டூயிட்நவ்வில் பதிந்த கைப்பேசி எண்ணோ போதும். கடவுச்சொல் எதற்கு, பேங்கிலிருந்து கைப்பேசிக்கு வரும் டிஏசி ரகசிய எண் எதற்கு? கியூஆர் படமும் அப்படியே. பணம் கொடுக்கிறவர்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று விற்கிறவரிடம் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கிற வழி.

"தவறி 8,500 போட்டுவிட்டேன், மிச்சம் 7,650 வெள்ளியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அழுகிறவர்களும் உண்டு. பல சமயம் அந்த 8,500 வந்தே இருக்காது. நிஜமாக வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை, அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். அவர் சொல்கிற கணக்குக்கு நீங்களாக அனுப்பாதீர்கள். உங்கள் பேங்கிடம் சொல்லுங்கள், அவர்கள் வழியாகவே திரும்பட்டும்.

போலீஸின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் வாங்குகிறவரின் போன் எண்ணையோ கணக்கு எண்ணையோ தட்டிப் பார்க்கலாம். யாராவது புகார் கொடுத்திருந்தால்தான் அதில் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக ஆள் நல்லவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பேங்குக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க அதுதான் வழி. பிறகு போலீஸ் ரிப்போர்ட் கொடுங்கள்.

நான் ரிப்போர்ட் கொடுக்க ஆறு நாள் ஆனது, ஆசிரியரே. காரணம் வெட்கம். "படிச்ச பிள்ளையை வீட்டுல வச்சிக்கிட்டு ஏமாந்துட்டியே" என்று ஒருவர் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து வெளியே வரவே கூசியது. பிறகு ரிப்போர்ட் கொடுத்து வந்ததும் இரண்டு பெண்கள் தனித்தனியாக வீட்டுக்கு வந்து, தங்களுக்கும் இப்படி நடந்ததென்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒருத்தி புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தி முன்பே சொல்லியிருந்தால் நான் அந்த லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஏமாந்தவரைத் தயவுசெய்து கேலி பேசாதீர்கள். கேலிக்குப் பயந்து வாயை மூடுவதால்தான் அடுத்த வீடும் ஏமாறுகிறது.

போன மாதம் அம்மாவின் பழைய தையல் மிஷினை விற்றேன். கோலகங்சாரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பகல் பதினொரு மணி. அந்த அம்மா ஒரு துணித்துண்டை வைத்து ஓட்டிப் பார்த்தார், நூறு வெள்ளி குறைத்தும் கேட்டார், ஐம்பது குறைத்தேன். மூவரும் பேங்குக்கு நடந்து போய், அவர்கள் கொடுத்த நோட்டுகளைப் பணம் போடும் மிஷினில் என் கணக்கிலேயே போட்டேன். ஒரு நோட்டை மிஷின் திருப்பித் தள்ளியது. மடிப்பை நீவிவிட்டு மறுபடி வைத்ததும் எடுத்துக்கொண்டது. திரையில் இருப்பைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்து, மிஷினை அவர்கள் வண்டியில் ஏற்றினோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் பத்திரிகையில் தீபாவளி வரை வாரம் ஒருமுறையாவது இந்த 997 எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் பட்டணத்துப் பேங்குகளும் பணம் போடும் மிஷின் பக்கத்தில் தமிழில் ஓர் எச்சரிக்கை ஒட்டினால் நன்றாக இருக்கும். அங்கே வரிசையில் நிற்கிற பெரியவர்கள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
சுங்கை சிப்புட், பேராக்